மூக்கன் அடிக்காமல் விட்ட அடி

நோர்வூட்டில் அடி வாங்காமல் காலம் தள்ள நினைத்தவர்கள் பெற்றோல் செட்டுப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். நெருப்பில் வேகாமல் காலம் தள்ள நினைத்தவர்களோ, பெற்றோல் போட வேண்டி வந்தால் அந்தச் செட்டில்தான் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து விரும்பியவர்களுக்கு இருந்த ஒரே வழி வாகனம் வாங்காமல் இருப்பது. ஊரில் பெரும்பாலோர் அந்த வழியைத்தான் கடைப்பிடித்தார்கள். காரணம் வேறு.

செட் முனாப் முதலாளியுடையது. அடி மூக்கனுடையது.

மஸ்கெலியா ரோட்டில் ஒரு வளைவில் இருந்தது செட். கையால் சுற்றும் பம்ப் ஒன்று, அதற்கு மேல் தகரக் கூரை, பக்கத்தில் முதலாளி உட்காரும் கண்ணாடி அறை, பின்னால் மூக்கனும் அவன் மனைவி வேலாயியும் கைக்குழந்தையோடு இருந்த ஒற்றை அறை. தரை ரோட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். மலைநாட்டில் சமமான தரை என்பது துரை பங்களாவுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் சரிவில்தான் பிழைக்க வேண்டும்.

மூக்கனின் சட்டங்கள் எளிமையானவை. எஞ்சினை நிறுத்த வேண்டும். ஆட்கள் இறங்க வேண்டும். மலை ஏறி வந்த வண்டி கொதித்துக்கொண்டிருந்தால் ஆறும் வரை ஓரத்தில் நிற்க வேண்டும். பீடியை அணைத்தால் மட்டும் போதாது, அணைத்த துண்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வர வேண்டும். டேங்கை விளிம்பு வரை நிரப்பச் சொல்லக் கூடாது. பெற்றோலும் மூச்சு விட வேண்டும். சிந்தினால், மணல் போட்டு அள்ளி முடியும் வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. இவற்றில் பாதியை எண்ணெய்க் கம்பனிக்காரர்கள் தகர போர்டில் இங்கிலீஷில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் சிகரட் பிடித்தார்கள். மூக்கனுக்கு வாசிக்கத் தெரியாது. அவன் அந்த போர்டைக் கையால் மொழிபெயர்த்தான்.

மொழிபெயர்ப்பு மூலத்தை விடக் கடுமையாக இருந்தது. பீடியோடு இறங்கிய ஒரு லொறி டைவரை அவன் அறைந்ததில் பீடியும் விழுந்தது, பல்லும் விழுந்தது. மூக்கன் பீடியைத் தேடி மிதித்தான், பல்லைத் தேடவில்லை. எஞ்சினை நிறுத்தாத ஒரு மரக்கறி முதலாளியைக் கார் ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தான். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு லாம்பு உடைந்தது, பிறகு மணிக்கட்டும் உடைந்தது. செய்த வேலையில் அவனுக்கு ஒழுங்கு இருந்தது: முதலில் நெருப்பு, பிறகு ஆள்.

இவ்வளவு மூர்க்கத்துக்கு ஊர் ஒரு நல்ல காரணம் வைத்திருந்தது. மூக்கன் முன்பு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் ரூமில் வேலை செய்தவன். அங்கே செல்லசாமி என்ற ஆள், சூடாறாத எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றப் போய் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு செத்தான். மூக்கன் பக்கத்தில் நின்று பார்த்தவன். அன்றிலிருந்துதான் அவன் கை இப்படி ஆனது என்று டீக்கடையில் சொல்வார்கள். கேட்பவர்களுக்கும் மனம் இளகும்.

வேலாயிக்கு மட்டும் இளகாது. "செல்லசாமியண்ணன் செத்ததுக்கப்புறமா அடிக்க ஆரம்பிச்சாரு? நல்லாருக்கே கத. கல்யாணத்துக்கு மறுநாளே என்னைய அடிச்ச மனுசன். அதுக்கு எந்த எஞ்சின் தீப்புடிச்சுச்சாம்?"

அவள் சொன்னதே சரி. நெருப்பு மூக்கனின் கையை உண்டாக்கவில்லை. அந்தக் கைக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தது, அவ்வளவுதான். செட்டுக்கு வரும் வரை அது வேலையில்லாமல் கண்ட இடத்தில் திரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கூட்டத்துக்கு நடுவே கங்காணி தெரியாமல் இவன் காலை மிதித்துவிட்டார். அதற்கு ஒரு அறை. கங்காணி காது கேட்காமல் இரண்டு நாள் இருந்தார். மூக்கனுக்கும் வேலாயிக்கும் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டப்பட்டது. பேர் வெட்டினால் லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. ஒரு தோட்டத்தில் கங்காணியை அடித்தவனை இன்னொரு தோட்டம் சேர்க்காது. நாடு என்ற ஒன்று கையை விட்டுப் போனது அதற்கு முன்பே, நாற்பத்தெட்டாம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில். முனாப் முதலாளி செட்டுக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்துவிட்டபோது, இலங்கைத் தீவில் அவர்கள் நிற்பதற்கு மிச்சமிருந்த இடம் அதுதான்.

முனாப் முதலாளி ஒரு எறும்பைக்கூட நசுக்காத மனிதர். ஐந்து வேளையும் தொழுபவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவருடைய சாந்த குணத்தை ஊர் மெச்சியது. சாந்தமாக இருப்பதற்கு அவருக்கு ஒரு ஆள் சம்பளத்துக்கு இருந்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை, பெரிய கிளாக்கர் அருளம்பலம் வரும் வரை.

அருளம்பலம் யாழ்ப்பாணத்து மனிதர். மேலே ஒரு பெரிய தோட்டத்தில் பெரிய கிளாக்கர். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். மோட்டார் சைக்கிளின் டேங்க் ஓட்டுகிறவனின் மடிக்கு முன்னால் இருப்பது. அதன் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்தபடி சிகரட் பற்றவைத்தார்.

"ஐயா, சிகரட்ட அந்தப் பக்கம் போட்டுட்டு வாங்க."

"நீ பெற்றோலை விடு. சிகரட்டை நான் பார்க்கிறன்."

"போட்டுட்டு வாங்கய்யா."

"அந்த போர்ட்டில என்ன எழுதியிருக்கெண்டு உனக்குத் தெரியுமோடா? எனக்குத் தெரியும். எனக்குப் படிப்பிக்க வாறாய்!"

அறை விழுந்தது. சிகரட் ரோட்டில் விழுந்தது, மூக்குக்கண்ணாடி சாக்கடைக் கானில் விழுந்தது, அவர் இரண்டுக்கும் நடுவில் விழுந்தார். மூக்கன் முதலில் டேங்கின் மூடியை இறுக்கினான்.

அன்று பின்னேரம் முதலாளி அவனைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ அடிச்சது யாருக்குன்னு வெளங்குதா ஒனக்கு? அந்தத் தோட்டத்து லொறி, ட்ரெக்டரு, தொரைட காரு, எல்லாம் நம்மட செட்டுலதான் எண்ணெ அடிக்கிற. அவரு ஒரு வார்த்த சொன்னா எல்லாம் ஹட்டனுக்குப் போய்ரும்."

"சிகரட்டு, மொதலாளி."

"சிகரட்டுன்னா வாயால சொல்லேலாதா?"

"சொன்னேன்."

"இன்னொருக்கா சொல்ற. அதுக்கும் கேக்கல்லயா, திரும்பச் சொல்ற. மனிசன்ட வாய அல்லாஹ் எதுக்குத் தந்தீக்கான்?" முதலாளி கையிலிருந்த தஸ்பீஹ் மணியை மேசையில் வைத்தார். மணியை வைத்துவிட்டுப் பேசினால் அது கடைசி வார்த்தை என்று எல்லோருக்கும் தெரியும். "இன்னொரு ஆள்ட மேல ஒன்ட கை பட்டிச்சுன்னா, வேலயும் இல்ல, பின்னுக்கு ஈக்கிற ரூமும் இல்ல. புள்ளயயும் தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான். பொறகு என்னயக் கொற சொல்லப் போடாது."

வேலாயி கதவோரம் நின்று கேட்டாள். அறைக்குள் வந்ததும் புருஷனின் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் மீன் பார்ப்பது மாதிரி. "இதாலதான் தோட்டம் போச்சு. இந்த ரூமும் இதால போச்சுன்னா, ரயில் பாலத்துக்குக் கீழதான் போய்ப் படுக்கணும். இது இருக்கணுமா ரூம் இருக்கணுமான்னு யோசிச்சுக்கங்க."

"நான் என்னடி பண்றது? வாயால சொன்னா கேக்க மாட்றானுங்க."

"எனக்கு மட்டும் வாயாலயா சொன்னீங்க இம்புட்டு நாளும்?"

இப்படிக் கேட்டால் வழக்கமாக எழும் கை அன்று எழவில்லை. அதை வேலாயி கவனித்தாள், நம்பவில்லை.

மூக்கன் முதலாளியின் சொல்லைத் தட்டவில்லை. அதுதான் கேடாகப் போயிற்று. அவனுக்குக் கை கட்டப்பட்ட செய்தி ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை போனது. பெற்றோல் தேவைப்படாதவர்கள்கூட வந்தார்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்து, "மூக்காண்ணே, நெருப்பு இருக்கா?" என்று கேட்டார்கள். அவன் பம்ப் பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பான். பீடி அணையும் வரை ஒரு சொட்டு விழாது. பின்னால் வண்டிகள் சேரும், ஹோர்ன் அடிக்கும். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னத்துக்குடா நிப்பாட்டினா? அடிக்கவும் போடாது, எண்ணெ அடிக்காம ஈக்கவும் போடாது" என்பார். அடி நின்ற பிறகு செட்டில் சமாதானம் வரவில்லை, சந்தைதான் வந்தது.

இந்த நிலையில் தை பிறந்தது. சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் போகும் காலம். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு விசேஷ பஸ்கள் ஓடும். அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையடிவாரத்துக்குப் போகும் வண்டிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்க வேண்டும். அதைப் புறப்படும் இடத்தில் செய்வதில்லை. பசியோடு நிற்கிற வண்டிக்குப் பூசை ஆகாது என்பது டைவர்களின் நம்பிக்கை. பெற்றோல் போட்டு வயிறு நிரம்பிய கையோடு, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு முன்பு, கற்பூரம் காட்ட வேண்டும். பக்தியில் இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டையும், எரிபொருள் விஷயத்தில் இதைவிட மோசமான ஏற்பாட்டையும் யோசிப்பது கஷ்டம்.

மூக்கன் கற்பூரத்துக்கு எதிரி அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்குக் கொளுத்துகிறவன்தான். முந்திய வருஷங்களில் அவன் ஒரு வழி கண்டிருந்தான்: வயிறு நிரம்பிய வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் எல்லோரும் சேர்ந்து மதகு வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும், அங்கே வைத்துக் கொளுத்த வேண்டும். சக்கரம் சுற்றிவிடுகிறதே என்று சாஸ்திரம் பேசியவர்களுக்குக் கன்னத்தில் விளக்கம் கிடைத்தது. பிறகு யாரும் பேசவில்லை.

அந்த வருஷம் பேசுவதற்குக் கணேசமூர்த்தி வந்தான்.

கணேசமூர்த்தி ஹட்டன் பஸ் டைவர். மூக்கனிடம் முன்பு அடி வாங்கியவன், அதுவும் சொந்தக் கண்டக்டர் முன்னால். காலை நேரம், மூடுபனியோடு சேர்ந்து தூறல் வேறு. பஸ்ஸை நேராகக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து, மூஞ்சி ரோட்டைப் பார்க்க நிறுத்தினான். ஆட்கள் எதிர்த்த டீக்கடைக்கு இறங்கிப் போனார்கள். அதற்கு மூக்கன் சொல்ல வேண்டியிருக்கவில்லை, குளிர் சொல்லியது.

மூக்கன் பம்பைச் சுற்ற ஆரம்பித்தபோது கணேசமூர்த்தி பஸ்ஸுக்கு முன்னால் வாழை இலைத் துண்டைப் போட்டான். அதன்மேல் கற்பூரக் கட்டிகள், பக்கத்தில் தேங்காய்.

மூக்கன் சுற்றுவதை நிறுத்தினான். "டைவரே, மதகடிக்குக் கொண்டு போங்க."

"அங்க தூறுதுடா. கற்பூரம் நிக்குமா? சாமிக்குக் குட புடிக்கச் சொல்றியா?"

"இங்க வேணாம். சொன்னாக் கேளுங்க."

"கேக்கலைன்னா?" கணேசமூர்த்தி கிட்டே வந்து கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். "அடி. அடி பாப்போம். போன வருசம் அடிச்சல்ல? இப்ப அடிச்சா ரூம் போயிரும், பொண்டாட்டி புள்ளையோட நடுரோட்டுல நிப்ப. அடிடா, ஒன்னைய யாரு புடிச்சுக்கிட்டு இருக்கா?"

டீக்கடை வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூக்கனின் கை தோள் வரை வந்தது. வந்த கையை அவன் இடது கையால் பிடித்து இறக்கினான். பார்த்தவர்களுக்கு இரண்டு ஆட்கள் சண்டை போடுவது மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே ஆளின் கைகள்.

"மொதலாளி!" என்று கத்தினான். "மொதலாளி, வந்து பாருங்க! கற்பூரம்!"

முனாப் முதலாளி கண்ணாடி வழியாகப் பார்த்தார். பஸ், இலை, கற்பூரம், தேங்காய், வாசலில் கூட்டம். தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் முதலாளி வெளியே போய் மலைக்குப் போகிறவர்களின் பூசையைத் தடுத்தால் மத்தியானத்துக்குள் அந்தக் கதை எந்த உருவத்தில் ஹட்டனைப் போய்ச் சேரும் என்று யோசித்தார். அவர் யோசித்தது தப்பு என்று சொல்ல முடியாது. கைகால் கழுவி வுளூ செய்யப் போகிறவர் மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டார். தொழுகைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

மூக்கன் பம்ப் பிடியை விட்டுக் கக்கத்தில் கையை இடுக்கிக்கொண்டான். "நான் அடிக்க மாட்டேன். எண்ணெயும் அடிக்க மாட்டேன்."

"நீ என்னடா அடிக்கிறது?" கணேசமூர்த்தி பிடியைத் தானே பிடித்துச் சுற்றினான். கண் முழுக்க மூக்கன் மேலேயே. பிடியைச் சுற்றுகிறவன் டேங்கின் வாயைப் பார்க்க வேண்டும்; மூக்கன் அதைச் சொல்லவும் செய்தான். கணேசமூர்த்திக்கு அப்போது பார்க்க வேண்டியது வேறு முகம். பெற்றோல் விளிம்பைத் தாண்டி, அவன் காக்கிக் காற்சட்டையில் தெறித்து, பஸ்ஸின் பக்கவாட்டில் வழிந்து, தரையில் இறங்கியது. இறங்கியதற்குப் போக ஒரே திசைதான் இருந்தது. சரிவு அதை முன்சக்கரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

"சிந்திருச்சு! மணல் போடாமக் கொளுத்தாதீங்க, டைவரே! சிந்திருச்சு!"

"வயிறு ரொம்பிருச்சுன்னு சொல்லு" என்றான் கணேசமூர்த்தி. முன்னால் போய்க் குனிந்து தீக்குச்சியைக் கிழித்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. பாயை உதறினால் வருகிற மாதிரி ஒரு சத்தம். கற்பூரத்திலிருந்து தீ தரையோடு ஓடி வந்தது, நாய் எசமானைத் தேடி ஓடி வருவது போல, டேங்கை நோக்கி. வழியில் கணேசமூர்த்தி நின்றான். அவன் காற்சட்டை இரண்டு காலிலும் ஒன்றாகப் பற்றியது. அவன் அலறிக்கொண்டு ஓட ஆரம்பித்தான், அதுவும் பம்ப்பைப் பார்த்து.

மூக்கன் முதலில் மணல் வாளியை எடுத்து பம்ப் குழாயின் வாயில் கொட்டினான். கணேசமூர்த்தி பிற்காலத்தில் இதை மறக்கவில்லை. "மொதல்ல பம்ப்பத்தான் பாத்தான், அப்புறம்தான் நானு" என்று சொல்லுவான். வேலாயி குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பின்பக்கமிருந்து ஓடிவந்து இரண்டாவது வாளியைத் தூக்கினாள். தரைத் தீயின் மேல் மணலை விசிறிக்கொண்டே கத்தினாள்: "ஆளப் பாருங்க! இத நான் பாக்கிறேன், ஆளப் பாருங்க!"

எரிகிறவனை ஓட விடக்கூடாது என்பது மூக்கனுக்குத் தெரியும். செல்லசாமி ஓடித்தான் செத்தான். காலைக் குறுக்கே நீட்டி ஒரே உதை. கணேசமூர்த்தி மோவாய் தரையில் அடிபட விழுந்தான். நெருப்புக்கென்று தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடந்த கோணிச் சாக்கை இழுத்து அவன் மேல் போட்டு மூக்கன் அடித்தான். தொடையில் அடித்தான், இடுப்பில் அடித்தான், முதுகில் அடித்தான். கணேசமூர்த்தி எழப் பார்த்தபோது கழுத்தில் முழங்காலை வைத்து அமுக்கி அடித்தான். சாக்குச் சூடேறிப் புகைந்தபோது சாக்கை எறிந்துவிட்டு வெறும் கையால் அடித்தான். அத்தனை நாள் கக்கத்தில் இடுக்கி வைத்திருந்த அடிகள் எல்லாம் வரிசையில் நின்று இறங்கின. அதில் எது நெருப்புக்கு, எது கணேசமூர்த்திக்கு என்று அவனிடமே கேட்டாலும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டான்.

புகைக்குள்ளிருந்து கூட்டம் வந்தது. கூட்டம் கண்டது இதுதான்: பூசை போட்ட டைவர் தரையில் கிடக்கிறான், ஊரறிந்த முரடன் அவன் மேல் ஏறி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறான். பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

"கொல்றான்டா, டைவரக் கொல்றான்!"

"நெருப்பும் இவன்தான் வெச்சிருப்பான்!"

மலை ஏறுவதற்குக் கொண்டுவந்த ஊன்றுகோல்கள் மூக்கனின் முதுகில் ஏறின. குடைகள் உடைந்தன. பாத யாத்திரைக்கு விரதம் இருந்த கால்கள் அவன் விலாவைத் தேடித் தேடி உதைத்தன. பஸ்ஸுக்கு உடைக்க வைத்திருந்த தேங்காயை ஒருவர் மூக்கனின் தலையில் உடைத்தார். ஒரே அடியில் சரி பாதியாக உடைந்தது, நல்ல சகுனம்தான். மூக்கன் திருப்பி அடிக்கவில்லை. கணேசமூர்த்தியின் இடுப்பு வாரடியில் ஒரு நுனி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அடி விழுந்துகொண்டிருக்கும்போதே அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கவிழ்ந்து கிடந்தான்.

கூட்டத்தை நிறுத்தியவள் வேலாயி. காலியான மணல் வாளியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். அகப்பட்ட மண்டைகளில் அது பட்டது. அந்தக் குடும்பத்தில் கை ஓங்கத் தெரிந்தவன் மூக்கன் மட்டும்தான் என்று ஊர் அதுவரை நம்பியிருந்தது.

பஸ்ஸின் முன்சக்கரமும் செட்டுக் கூரையில் ஒரு பக்கமும் போயின. பம்ப் தப்பியது, ஆகவே கடைத்தெருவும் தப்பியது. பொலிஸ் சார்ஜன் வந்து சிங்களத்தில் கேட்டார், கூட்டம் தமிழில் பதில் சொன்னது, இரண்டுக்கும் நடுவில் மூக்கன் குற்றவாளியானான். கணேசமூர்த்தியையும் அவனையும் ஒரே லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அடிபட்டவன் ஒரு பக்கம், அடித்தவன் ஒரு பக்கம் என்று. இருவரில் மோசமாக இருந்தது அடித்தவன்தான்.

ஹட்டனிலிருந்த பஸ் முதலாளி சொல்லி அனுப்பினார்: டைவரை அடித்தவன் அந்தச் செட்டில் இருக்கும் வரை தன் பஸ் ஒன்றுகூட அங்கே நிற்காது. அருளம்பலமும் இந்தச் செய்தியைக் கேட்டு, மனிதர்களைப் பற்றித் தான் எப்போதும் சரியாகவே கணித்திருப்பதாகச் சொன்னார். முனாப் முதலாளியின் நிலைமை தர்மசங்கடம். கை பட்டால் வெளியே என்று சொன்னது அவர் வாய். கை பட்டதை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். பின் அறையைக் காலி பண்ணச் சொல்ல இரண்டு முறை வாசல் வரை போனார். இரண்டு முறையும், தீ ஓடி மணலில் கறுத்துக் கிடந்த கோடு பம்ப்புக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றுபோயிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். கணேசமூர்த்தி கவிழ்ந்து படுத்திருந்தான். அடுத்த கட்டிலில் மூக்கன், இரண்டு கையிலும் கட்டு. வேலாயி குழந்தையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மூக்கனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி முதலில் டைவரிடம்தான் போனார். "தம்பி, இவன் ஒனக்கு அடிச்சதா? உண்மயச் சொல்லு."

"அடிச்சான், மொதலாளி." கணேசமூர்த்தி தலையணைக்குள்ளிருந்து பேசினான். "காலால மிதிச்சுத் தள்ளி, கழுத்துல முட்டியக் குடுத்து அடிச்சான். தோட்டத்துல மாட்டக்கூட அப்பிடி அடிக்க மாட்டாங்க."

முதலாளி பெருமூச்சு விட்டார். அது வருத்தமா நிம்மதியா என்று வேலாயிக்குப் புரியவில்லை.

"ஆனா பிந்தி அடிச்சுட்டான்" என்றான் கணேசமூர்த்தி. "கற்பூரத்த எடுத்தப்பவே ஒன்னு குடுத்திருந்தா நான் இப்பிடிக் கவுந்து கெடக்க வேணாம். எங்க மொதலாளி கேட்டாலும் பொலிஸு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். போன வருசம் ஒழுங்கா அடிச்ச பய, இந்த வருசம் மருவாத குடுக்கிறானாம், மருவாத!"

"நீதானடா அடி அடின்னு நின்ன" என்றான் மூக்கன். உதடு கிழிந்திருந்ததால் சொல் பாதிதான் வந்தது.

"சொன்னதச் செய்ய வேண்டியதுதானே!"

முதலாளி மூக்கனின் கட்டிலோரம் வந்து நின்றார். "சரி, நடந்தது நடந்திட்டு. சொகமானோடன வேலைக்கு வா. ரூம் அப்பிடியே ஈக்கு."

மூக்கன் தலையாட்டப் போனான். வேலாயி கஞ்சிக் கரண்டியை அவன் வாயில் வைத்து அதை நிறுத்தினாள்.

"வருவாரு, மொதலாளி. அதுக்கு முன்னால ஒன்னச் சொல்லிருங்க. நாளைக்கு இன்னொருத்தன் கற்பூரத்தோட வந்து நிப்பான். இவரு அடிக்கணுமா, அடிக்க வேணாமா? ரெண்டுல ஒன்னு. அடிச்சா ரூம் போகும்ங்கிறீங்க. அடிக்காட்டி ரூமோட நாங்களும் போயிருவோம்."

"மொதல்ல வாயால சொல்லோணும்."

"சொன்னாரு."

"கேக்காட்டி என்னயக் கூப்பிடோணும்."

"கூப்பிட்டாரு. நீங்க உள்ள போயிட்டீங்க."

முதலாளி தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். பக்கத்துக் கட்டிலில் கணேசமூர்த்திகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். யாரும் அவரை அடிக்கவில்லை. ஆனால் அடி வாங்கிய முகம் அவருக்குத்தான் இருந்தது.

"இனி உள்ளுக்குப் போக மாட்டேன்" என்றார். "நான் வந்து முன்னுக்கு நிக்கிறேன், தங்கச்சி. சொல்றத நான் சொல்றேன். என்ட செட்டு. கேக்காதவனுக்கு எண்ணெ இல்ல, அது எந்தத் தோட்டத்து ஐயாவா இருந்தாலும் சரி."

"அப்ப வருவாரு" என்று வேலாயி கரண்டியை எடுத்தாள்.

முதலாளி சொன்னபடி நடந்தார். கண்ணாடி அறையிலிருந்த நாற்காலி பம்ப்புக்குப் பக்கத்தில் வந்தது; மழைக்காலத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தார். யாராவது பீடியோடு வந்தால் எழுந்து, இரண்டு கையையும் அகல விரித்து, ஒரு எறும்பைக்கூட நசுக்காத குரலில் சொல்லுவார். அருளம்பலத்திடம் அவரே சொன்னார்; அருளம்பலம் ஹட்டனுக்கே போய்ப் பெற்றோல் போட்டார், பிறகு பெற்றோல் தீர்ந்து மழையில் இரண்டு தரம் வழியில் நின்றுபோய்த் திரும்பி வந்தார், சிகரட் இல்லாமல். சொன்னதைக் கேட்காத ஓரிருவரை முதலாளியே தள்ளிவிட்டதாகவும் கேள்வி. கற்பூரம் வழக்கம்போல மதகடியில் எரிந்தது. தூறல் நாட்களில் அதற்கு மேல் குடை பிடித்தவன் கணேசமூர்த்தி.

மூக்கன் அறுபத்துநாலாம் ஆண்டு வரை அந்த பம்ப்பைச் சுற்றினான், பெரும்பாலும் இடது கையால். யாரையும் அடித்ததாகத் தகவல் இல்லை. செட்டில் அவன் கை ஓய்ந்ததும் வீட்டில் என்ன ஆயிற்று என்று பெண்கள் பீலிக்கரையில் வேலாயியிடம் வாயைக் கிளறுவார்கள். மனுசன் நெருப்பில் புடம் போட்ட மாதிரி மாறிவிட்டானாமே என்பார்கள்.

வேலாயி குடத்தைக் கழுவிக்கொண்டே சொல்லுவாள்: "மாறினாரோ என்னமோ. அந்தக் கை இப்ப முழுசா மடங்காது, அது மட்டும் எனக்குத் தெரியும்."